கோட்டுச்சேரிக்கு ஒரு குடும்பம் கிளம்பும்போது

மயிலாடுதுறையில் காரைக்கால் பேருந்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தரங்கம்பாடி, பொறையாறு என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். நண்டலாற்றைத் தாண்டியதும் ஆட்சியே மாறிவிடும். பலகைகளில் புதுச்சேரி அரசின் பெயர், வண்டிகளில் பிஒய் 02 என்று தொடங்கும் எண்கள். பூவம், வரிச்சிக்குடி கடந்தால் கோட்டுச்சேரி. காரைக்கால் மாவட்டத்தின் வடபகுதிக் கொம்யூன் இது. பிரெஞ்சுக்காரர்கள் 1739-இல் காரைக்காலைத் தஞ்சை மன்னரிடமிருந்து பெற்றார்கள். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் கொம்யூன் என்ற அவர்களின் உள்ளாட்சி ஏற்பாடு இங்கே நிலைத்துவிட்டது. கிழக்கே கடலோரத்தில் கோட்டுச்சேரிமேடு மீனவர் கிராமம். பக்கத்திலேயே சம்பந்தர் பாடிய திருவேட்டக்குடி. சுற்றிலும் நெல்வயல்.

இந்தப் பாதையில் தனியாள் பயணம் குறைவு. குடும்பம் குடும்பமாகத்தான் வருகிறார்கள். திருக்கடையூரில் தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாணம் அல்லது எண்பதாம் கல்யாணம் செய்துவைத்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று திருநள்ளாற்றில் சனீஸ்வரரைக் கும்பிட்டு, நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போய்த் திரும்புவது இப்பகுதியில் வழக்கமான சுற்று. இடையில் கோட்டுச்சேரியிலோ நெடுங்காட்டிலோ உறவினர் வீடு இருந்தால் இரண்டு நாள் அங்கே தங்கல். ஒரே வண்டியில் எண்பது வயதுப் பாட்டியும் பால் மறக்காத பேரனும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கட்டும் மூட்டையில்தான் பெரும்பாலான வீடுகளில் தப்பு நடக்கிறது. எங்கும் வாங்கக்கூடிய சோப்பு, பற்பசை, துண்டு, பிஸ்கட் எல்லாம் இரண்டு பெட்டி நிறைய வரும். பாட்டியின் மூக்குக்கண்ணாடி மட்டும் சாமி அலமாரியில் கிடக்கும்.

கோட்டுச்சேரி கடைத்தெருவில் என்ன கிடைக்கும் என்று யோசித்துக் கட்டினாலே பாதி பாரம் குறைந்துவிடும். மளிகை, பால், மருந்துக்கடையின் சாதாரண மாத்திரைகள், செருப்பு, குடை, கைலி, குழந்தைக்கு டயப்பர், செல்போன் சார்ஜர் ஆகியவை இந்த அளவுள்ள எந்த ஊரிலும் கிடைக்கும். அவசரத்தில் கிடைக்காதவை வேறு. மருத்துவர் எழுதித் தந்த குறிப்பிட்ட மாத்திரை, மாற்று மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவியின் பேட்டரி, குழந்தைக்குப் பழகிய பால்பவுடர், பல்செட் வைக்கும் டப்பா, மூத்தவரின் பழைய மருத்துவச் சீட்டு. இவை எல்லாம் சேர்ந்து ஒரு தோள்பையில் அடங்கிவிடும். அந்தத் தோள்பையைப் பெட்டியோடு சேர்க்காமல் வீட்டில் பொறுப்பான ஒருவர் கையிலேயே வைத்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் மறந்தாலும் பாதகமில்லை.

இன்சுலின் போடுபவர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். திறக்காத மருந்து குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனாவை, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் வைத்திருக்கலாம். காவிரிக் கடைமடையில் சித்திரை வைகாசி வெயில் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். கோயில் வாசலில் நிறுத்திவைத்த காருக்குள் மருந்தை விட்டுப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஈரத்துணி சுற்றிய சிறு பையில் போட்டு உடன் கொண்டுபோவது நல்லது. விமானத்தில் வருபவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறைக் குளிரில் மருந்து உறைந்தால் பயன்படாது.

தண்ணீர் விஷயத்தில் காரைக்கால் ஒரு பாடம் படித்திருக்கிறது. 2022 ஜூலைத் தொடக்கத்தில் அங்கே வயிற்றுப்போக்கு பரவி, சிலருக்குக் காலரா இருப்பது உறுதியானது. புதுச்சேரி சுகாதாரத் துறை பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளிகள் மூடப்பட்டன, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி வீதி வீதியாக அறிவிப்பு வந்தது. காரைக்காலின் மாங்கனித் திருவிழா நெருங்கிய நேரம் அது. ஊரைக் குறை சொல்வதற்கு இதில் எதுவும் இல்லை. தாழ்வான டெல்டா நிலத்தில் குடிநீர்க் குழாயில் கசிவு ஏற்பட்டால் எங்கும் இதுதான் நடக்கும். வெளியூர்க் குழந்தையின் வயிறு உள்ளூர்க் குழந்தையின் வயிற்றைவிடச் சீக்கிரம் கெடும் என்பதால் பயணிகள்தான் முந்திக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு தண்ணீர்ப்புட்டி, தங்கும் வீட்டில் காய்ச்சி ஆறிய தண்ணீர், தெருவோர ஐஸ் போட்ட பானத்துக்குப் பதில் இளநீர். இந்த மூன்றும் போதும்.

தோள்பையில் நான்கைந்து ஓஆர்எஸ் பாக்கெட்டும் இருக்கட்டும். வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று எழுதியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். பழச்சுவை இனிப்புப் பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற எழுத்துகளைப் போட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை விதித்தது. அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. வயிற்றுப்போக்கில் இருக்கும் குழந்தைக்கு அது தீங்கு. பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். கொஞ்சம் தூளைக் கிண்ணத்தில் கொட்டிக் கலக்கினால் அளவு தவறிவிடும்.

சாப்பாட்டுக்கு வீட்டுக் கட்டுச்சோறு இன்றும் முதல் நாளுக்கு நல்ல துணை. புளியோதரை மறுநாள் வரை தாங்கும். தேங்காய்சாதம் வெயில் காலத்தில் மதியத்துக்கே சரிவராது. தயிர்சாதத்துக்குக் குழைய வடித்த சோற்றில் பாலை அதிகம் விட்டு ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துப் பிசைந்தால், மயிலாடுதுறை வந்து சேரும்போது பதமாக இருக்கும்.

ரயிலைப் பொறுத்தவரை இரண்டு வழி இருக்கிறது. சென்னை எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் காரைக்கால் விரைவு வண்டி மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் என்று சுற்றிக்கொண்டு விடியலுக்கு முன் காரைக்கால் சேரும். நாகூர்–காரைக்கால் அகலப்பாதை 2011 இறுதியில் திறந்த பிறகு வந்த வசதி இது. ரயிலில் தூங்கிப் பழகியவர்களுக்கு ஏற்றது. கைக்குழந்தையும் முதியவரும் இருக்கும் குடும்பத்துக்குப் பகல் வண்டியே மேல். சோழன் விரைவு வண்டியில் வந்து மயிலாடுதுறையில் இறங்கி, பேருந்திலோ வாடகை வண்டியிலோ திருக்கடையூர் வழியாகக் கோட்டுச்சேரிக்கு வெளிச்சத்திலேயே வந்துவிடலாம். முன்பு மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரை தனி ரயில் பாதையே இருந்தது. 1926-இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டி 1986-இல் நின்றுபோனது. மீண்டும் ஓடினால் இப்பகுதிக் குடும்பங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒருவருக்கு 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ வரை சாமான் இலவசம். 5 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு அதில் பாதி. ஆனால் எடையைவிட எண்ணிக்கைதான் முக்கியம். மயிலாடுதுறையில் வண்டி நிற்பது சில நிமிடம். அதற்குள் பாட்டியையும் குழந்தையையும் இறக்கி, பதினோரு பைகளையும் இறக்குவது நடக்காத காரியம். நடக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பை என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பெட்டி எண்ணிக்கையைக் கிளம்பும்போது உரக்கச் சொல்லி, ஒவ்வொரு இறக்கத்திலும் பிள்ளைகளை விட்டே எண்ணவைத்தால் அவர்களுக்கும் ஒரு வேலை கிடைத்தது போலாகும். 5 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் டிக்கெட் தேவையில்லை. வயதுச் சான்று மட்டும் கையில் இருக்கட்டும்.

பருவத்தைப் பார்க்காமல் திருநள்ளாற்றுக்குத் தேதி குறிப்பவர்கள்தான் அதிகம் அல்லல்படுகிறார்கள். இக்கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. கடந்த சனிப்பெயர்ச்சிகள் 2017 டிசம்பர் 19, 2020 டிசம்பர் 27, 2023 டிசம்பர் 20 ஆகிய நாள்களில் வந்தன. மூன்றுமே வடகிழக்குப் பருவமழைக் காலம். 2025 மார்ச் இறுதியில் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி என்று தொலைக்காட்சி ஜோதிடர்கள் சொன்னபோது, அன்று இங்கே விழா இல்லை என்று கோயில் நிர்வாகமே விளக்கம் தர வேண்டியிருந்தது. பஞ்சாங்கம் எதுவானாலும் கோயிலின் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு டிக்கெட் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வருபவர்கள் புயல் செய்தியையும் பார்க்க வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்கு அருகே கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது காரைக்காலும் அடிபட்டது. வானிலைத் துறையின் ராடார் காரைக்காலிலேயே இருக்கிறது. கிளம்புமுன் அதன் படத்தைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். மழைக்காலப் பையில் ஜீன்ஸுக்கு இடமில்லை. நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது. மெல்லிய பருத்தி, கைலி, ஒரு டார்ச், செல்போனைச் சுற்ற ஒரு பிளாஸ்டிக் உறை, கொசுவர்த்தி அல்லது களிம்பு ஆகியவை போதும். மழை விட்டதும் கொசு வரும். குழந்தைகளுக்கு முழுக்கை உடை எடுத்துவைப்பது கட்டாயம்.

திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் குளிப்பவர்களுக்கு ஒரு சொல். உடுத்திய துணியைக் குளத்தில் விட்டுவிட வேண்டும் என்ற பழைய நம்பிக்கையால் தீர்த்தம் துணிக்குப்பையாகிறது. குளித்த துணியைப் பிழிந்து வீட்டுக்குக் கொண்டுவருவதால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது. அதற்கு மாற்று உடையும், ஈரத்துணி வைக்க ஒரு உறையும் எடுத்துச்செல்ல வேண்டும். எண்ணெயும் சீயக்காயும் வழுக்கும் படிக்கட்டில் முதியவரைத் தனியே விடக்கூடாது. கோடை மதியத்தில் பிராகாரக் கல் கொதிக்கும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அவர்களைக் காலையிலோ மாலையிலோ அழைத்துப் போவதே முறை. கூட்டத்துக்குள் போகுமுன் அன்றைய உடையில் குழந்தையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, சட்டைப்பையில் பெற்றோரின் செல்போன் எண் எழுதிய சீட்டையும் போட்டுவிட வேண்டும். தொலைந்தால் காவலர்கள் முதலில் கேட்பது என்ன உடை என்றுதான். பத்து, இருபது ரூபாய் சில்லறை கொஞ்சம் இருந்தால் செருப்பு விடும் இடத்திலும் பூக்கடையிலும் வரிசையை நிறுத்தாமல் போகலாம்.

சொந்தக் காரில் வருபவர்களுக்கு எல்லை கடப்பதில் சிக்கலில்லை. தமிழ்நாட்டு வாடகை வண்டியென்றால் புதுச்சேரிக்கான அனுமதி இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் ஊரிலேயே கேட்டுவிட வேண்டும். பாதி வழியில் கேட்டுப் பயனில்லை. காரைக்கால் எல்லைக்குள் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடச் சில ரூபாய் குறைவு. திரும்பும்போது நிரப்பிக்கொள்ளலாம். மதுவும் இங்கே மலிவு என்பதால் வடக்கே நண்டலாற்றிலும் தெற்கே வாஞ்சூரிலும் தமிழ்நாட்டுக் காவல்துறை வண்டிகளைச் சோதிக்கிறது. வண்டியில் வருகிற யாராவது ஒருவர் வாங்கிவைக்கும் ஒரு புட்டிக்காக மொத்தக் குடும்பமும் சோதனைச்சாவடியில் நிற்க நேரிடும். ஆகஸ்ட் இறுதியில் இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்கக் காவி உடுத்த பக்தர்கள் வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை அங்கே திருவிழா. அந்த நாள்களில் இரவில் வண்டி ஓட்டாமல் இருப்பது அவர்களுக்கும் நல்லது, வண்டியில் இருப்பவர்களுக்கும் நல்லது.

கோட்டுச்சேரியிலிருந்து வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் திரும்பக்கூடாது. 1706-இல் வந்திறங்கிய கிறித்தவப் போதகர் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஊர் அது. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கடற்கரையில் நிழல் கிடையாது. தொப்பி, குடை, தண்ணீரோடு மாலை 4 மணிக்கு மேல் போனால் பிள்ளைகள் சிணுங்காமல் பார்ப்பார்கள்.

கோட்டுச்சேரிமேட்டில் வலை உலர்த்தும் மணலில் நடக்கலாம், படகு வருவதைப் பார்க்கலாம். கடலில் குழந்தைகளை இறக்க வேண்டாம். அரசலாறும் அதன் தோழி ஆறுகளும் கலக்கும் இந்தக் கரையில் நீரோட்டம் எங்கே இழுக்கும் என்பது மீனவர்களுக்கே தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கிராமங்களில் ஏராளமான உயிர்களைக் கொண்டுபோனது. கரையில் நிற்கும் பெரியவர் ஒருவர் போகாதீர்கள் என்று சொன்னால் அதற்கு மேல் வாதாடக்கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது வருபவர்கள் மலிவான மீனை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. காரைக்கால் வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குப் பாரிஸும் ஒரு ஊர். 1962 ஆகஸ்ட் 16-இல் பிரெஞ்சுப் பகுதிகளின் ஒப்படைப்பு சட்டப்படி முழுமையானபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படித் தேர்ந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று பள்ளி விடுமுறையில் ஊருக்கு வருகிறார்கள். இவர்களுக்குப் பெட்டியைவிடக் காகிதம்தான் முதல் வேலை. பிரான்சில் சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் செல்லும், பெரியவர்களுடையது 10 ஆண்டு. பெற்றோரின் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்கிறதே என்ற நினைப்பில் பிள்ளையுடையதைப் பார்க்கத் தவறுவது சுலபம். 20 வயது வரை பாஸ்போர்ட் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை) இணையதளத்தில் புதிய பாஸ்போர்ட்டையும் புகைப்படத்தையும் பதிவேற்ற வேண்டும். ஓசிஐ இல்லாத பிள்ளைக்குத் தனி விசா. மின்சார அழுத்தம் இரு நாட்டிலும் ஒன்றே, செருகி மட்டும் வேறு. ஒரு மாற்றுச் செருகி போதும். செல்போனுக்கான பவர்பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கில் போடக்கூடாது.

இவர்கள் திரும்பிப் போகும்போது பாட்டி கட்டித்தரும் மூட்டைக்கும் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால்பொருள்களும் கொண்டுபோக முடியாது. நெய்யும் பால்கோவாவும் விமான நிலையத்தில் பறிபோகும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். சான்று இல்லாமல் போகக்கூடிய பழங்கள் ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியான். ஆனால் சொந்த உபயோகத்துக்கு மீன் பொருள்கள் 20 கிலோ வரை அனுமதி உண்டு. பச்சை மீனென்றால் குடல் நீக்கியிருக்க வேண்டும், காய்ந்ததற்கு அந்தக் கவலை இல்லை. பாட்டியின் நெய் உருண்டைக்கு வழியில்லாவிட்டாலும் கோட்டுச்சேரிமேட்டுக் கருவாடு, வாசனை கசியாமல் இரண்டு உறை போட்டுக் கட்டினால், பாரிஸ் போய்ச் சேரும்.

மாம்பழத்தை இங்கேயே சாப்பிட்டுவிட வேண்டியதுதான். அதற்கு ஏற்ற நாள் ஆனிப் பௌர்ணமி. காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள், கீழே நிற்பவர்கள் ஏந்திப் பிடிப்பார்கள். பழம் வேண்டும் என்பவர்கள் துணிப்பையோடு நடுவில் நிற்கட்டும். பாட்டியையும் குழந்தையையும் ஓரமாக ஒரு திண்ணையில் உட்காரவைத்துவிட வேண்டும், மேலிருந்து விழும் பழம் கனமானது. விடுதிகள் பெரும்பாலும் காரைக்கால் நகரத்திலும் திருநள்ளாற்றிலும்தான், அந்த வாரம் அவை முன்பே நிரம்பிவிடும். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. சித்ரா பௌர்ணமியிலிருந்து ஆனிப் பௌர்ணமிக்குப் பெரும்பாலும் சுமார் 59 நாள். ஆகவே சித்ரா பௌர்ணமி அன்று காலையிலேயே வீட்டில் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்துவிடுங்கள், பாட்டிக்குக் கீழ்ப்படுக்கை கேட்க மறக்காதீர்கள்.